தட்டுகளை அடுக்கிய மனைவி: பேசாப்படக் குறும்படங்களில் நடிப்பு மாறிய விதம்

குடிகாரக் கணவனால் நொந்துபோன ஒரு மனைவி. நாற்காலியில் பொத்தென்று விழுகிறாள். இரண்டு கைகளையும் மேஜைமேல் நேராக நீட்டி, அவற்றின்மேல் தலையைக் கவிழ்க்கிறாள். அப்புறம் முழங்காலிட்டு, கைகளை மேலே உயர்த்திக் கடவுளை மன்றாடுகிறாள். இது 1909-இல் நியூயார்க்கின் பயோகிராஃப் நிறுவனத்துக்காக டி.டபிள்யூ. கிரிஃபித் இயக்கிய ‘எ டிரங்கர்ட்ஸ் ரிஃபர்மேஷன்’ என்ற குறும்படத்தில் வருகிறது. நடித்தவர் லிண்டா ஆர்விட்சன். நிஜத்திலும் அவர் கிரிஃபித்தின் மனைவிதான்.

மூன்று வருடம் கழித்து, 1912-இல், அதே கிரிஃபித் அதே நிறுவனத்தில் ‘புரூட்டாலிட்டி’ என்று ஒரு படம் எடுத்தார். கதையும் கிட்டத்தட்ட அதேதான்: வீட்டில் ரகளை செய்யும் கணவன் ஒருநாள் நாடகம் பார்க்கப் போகிறான், மேடையில் தன்னையே பார்த்தது போல் உணர்கிறான், திருந்துகிறான். இதில் மனைவி மே மார்ஷ். அவருக்கும் தனியாக இருந்து துயரப்படும் காட்சி ஒன்று உண்டு. சாப்பிட்ட தட்டுகள் கிடக்கிற மேஜைக்கு வந்து உட்காருகிறாள். தலை குனிந்தபடியே தட்டுகளை எடுத்து அடுக்கத் தொடங்குகிறாள். நிமிர்கிறாள், உதட்டை இறுக்கிக்கொள்கிறாள், சும்மா இருக்கிறாள். மறுபடி தட்டு. மறுபடி நிறுத்தம். கை வாய்க்குப் போகிறது. தோள் கொஞ்சம் சரிகிறது, இன்னும் கொஞ்சம் சரிகிறது. அழுகை அதற்குப் பிறகுதான் வருகிறது.

இந்த இரண்டு காட்சிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டியவர் ராபர்ட்டா பியர்சன் என்ற திரைப்பட ஆய்வாளர். பயோகிராஃப் படங்களின் நடிப்பை அலசிய அவர், முதலாவது வகை தன்னை நடிப்பு என்று மறைக்காமல் காட்டிக்கொள்வது, இரண்டாவது வகை நிஜத்தைப் போல இருக்க முயல்வது என்று பிரித்தார். முதல் காட்சியை இன்று யாருக்காவது போட்டுக் காட்டினால் ‘ஓவர் ஆக்டிங்’ என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுவார்கள். ஆனால் இடையில் இருப்பது மூன்றே வருடம். அந்த மூன்று வருடத்தில் நடிகர்களுக்குத் திடீரென்று திறமை கூடிவிடவில்லை. திரையில் நடிகர் செய்ய வேண்டிய வேலையே மாறிவிட்டது. அதுதான் விஷயம்.

முதலில் அந்தப் பழைய நடிப்பு எங்கிருந்து வந்தது என்று பார்க்கலாம். 19-ஆம் நூற்றாண்டின் மெலோடிராமா மேடையில், அதாவது உணர்ச்சியைத் தூக்கலாகக் காட்டும் நாடகங்களில், ஒவ்வொரு உணர்ச்சிக்கும் ஒரு நிலை உண்டு. திகில் என்றால் உடம்பு பின்னால் சாயும், உள்ளங்கை வெளியே திரும்பும். வெட்கக்கேடு என்றால் முகம் திரும்பி, கை கண்ணை மறைக்கும். ஃபிரான்சுவா டெல்சார்ட் என்ற பிரெஞ்சுக்காரர் உடல் அசைவுக்கும் உள்ளத்துக்கும் உள்ள உறவை ஒரு முறையாகவே வகுத்துக் கற்றுக்கொடுத்தார். அவரிடம் படித்த ஸ்டீல் மெக்கே 1871-இல் அதை அமெரிக்காவுக்குக் கொண்டுவந்தார். அப்புறம் அது நடிப்புப் பள்ளிகளிலும் கையேடுகளிலும் பரவி, கடைசியில் டெல்சார்ட்டே அடையாளம் காண முடியாத அளவுக்கு ஒரு சூத்திரப் பட்டியலாகச் சுருங்கிப்போனது. பயோகிராஃபில் வேலைக்கு வந்தவர்களில் பலர் ஊர் ஊராகப் போய் நாடகம் போட்ட கம்பெனி நடிகர்கள். கிரிஃபித்தே அப்படி அலைந்து, பெரிதாகப் பேர் எடுக்காத நடிகர்தான்.

பார்வையாளர்களுக்கும் அந்த நிலைகள் அத்துப்படி. பரதத்தில் கடகாமுகம் பிடித்த கையைப் பார்த்து, நிஜத்தில் யாரும் இப்படிப் பூப் பறிப்பதில்லையே என்று நாம் கேட்பதில்லை அல்லவா, அந்த மாதிரிதான். நிஜமாக இருக்கிறதா என்பது கேள்வியே இல்லை. சுத்தமாக, அழகாக, சரியான நேரத்தில் செய்தாரா என்பதுதான் கேள்வி. கையை எவ்வளவு நேரம் அந்த நிலையில் நிறுத்துகிறார், ஒரு நிலையிலிருந்து அடுத்ததற்கு எப்படிப் போகிறார் என்று கவனித்தால் ஆர்விட்சனின் காட்சியிலும் ஓர் ஒழுங்கு தெரியும். எனக்கு அது கேலிக்குரியதாகத் தோன்றவில்லை.

இதைவிட முக்கியம் கேமரா இருந்த தூரம். 1908 வாக்கில் ஒரு சாதாரண ஷாட்டில் நடிகரின் தலைக்கு மேலேயும் இடம் இருக்கும், காலுக்குக் கீழேயும் தரை தெரியும். அந்த உருவத்தில் முகம் ஒரு சின்னப் புள்ளி. புருவத்தை உயர்த்தினால் யாருக்கும் தெரியாது, கையை உயர்த்தினால்தான் தெரியும். பேச்சு கிடையாது, எழுத்து அட்டைகளும் குறைவு. ஒரு ரீல் என்பது 1000 அடி. நொடிக்கு 16 ஃபிரேம் என்று ஓட்டினால் பதினாறு, பதினேழு நிமிடம். அதற்குள் குடி, வறுமை, மனமாற்றம், மறுவாழ்வு எல்லாம் முடிந்தாக வேண்டும். கைகள்தான் வசனம்.

வேடிக்கை என்னவென்றால், சினிமா பிறந்தபோது இந்தச் சிக்கலே இல்லை. 1895 டிசம்பர் 28 அன்று பாரிஸில் கிராண்ட் கஃபேயில் லூமியேர் சகோதரர்கள் காட்டிய படங்களில் நடிகர்கள் யாரும் இல்லை. ஒகுஸ்த் லூமியேரும் அவர் மனைவியும் தங்கள் குழந்தைக்குச் சோறூட்டுகிற படத்தில், பின்னால் மரத்தின் இலைகள் காற்றில் ஆடுவதைப் பார்த்து ஜனங்கள் வியந்தார்கள். மேடையில் இலை ஆடாது, அது வரைந்த திரை. சினிமாவின் முதல் நிஜத்தன்மை மனிதர்களால் வந்தது என்பதைவிட, யாரும் நடிக்கச் சொல்லாத அந்த இலைகளால் வந்தது என்று சொல்லலாம்.

ஆனால் அதே நிகழ்ச்சியில் காட்டிய ‘நீர் பாய்ச்சுபவன் நனைந்த கதை’யைக் கவனித்துப் பாருங்கள். தோட்டக்காரன் குழாயால் செடிக்குத் தண்ணீர் விடுகிறான். ஒரு பையன் பின்னால் வந்து குழாயை மிதிக்கிறான். தண்ணீர் நிற்கிறது. தோட்டக்காரன் குழாய் வாயை உற்றுப் பார்க்கிறான், பையன் காலை எடுக்கிறான், தண்ணீர் முகத்தில் பீய்ச்சியடிக்கிறது. தோட்டக்காரனாக வந்தவர் லூமியேர் வீட்டுத் தோட்டக்காரரேதான். அதனால் அவர் குழாய் பிடிப்பதில் எந்தப் பிசிறும் இல்லை. பையன் ஓடுகிறான், இவர் துரத்திப் பிடிக்கிறார். பிடித்த இடத்திலேயே நாலு போடு போட்டிருக்கலாம். போடவில்லை; பையனைத் தரதரவென்று கேமராவுக்கு முன்னால் இழுத்து வந்து, நமக்கு நன்றாகத் தெரிகிற இடத்தில் வைத்துத்தான் அடிக்கிறார். கேமராவுக்காக நடிப்பது அந்த ஐம்பது நொடிப் படத்திலேயே வந்தாயிற்று.

கதைப் படங்கள் வந்தபோது இந்த இரண்டும் ஒரே படத்தில் முட்டிக்கொண்டன. 1903-இல் எட்வின் போர்ட்டர் எடுத்த ‘தி கிரேட் டிரெயின் ராபரி’யில் ரயில் நிஜம், காடு நிஜம், குதிரை நிஜம். ஆனால் தப்பி ஓட முயன்று சுடப்படும் பயணி இரண்டு கைகளையும் வீசி எறிந்து விழுவது அப்பட்டமான மேடைச் சாவு. 1905-இல் இங்கிலாந்தில் செசில் ஹெப்வொர்த் எடுத்த ‘ரெஸ்க்யூட் பை ரோவர்’ இன்னும் சுவாரசியம். கடத்தப்பட்ட குழந்தையை நாய் கண்டுபிடிக்கிற கதை. அப்பாவாக ஹெப்வொர்த்தே நடித்தார், குழந்தை அவர் குழந்தை, நாய் அவர் வீட்டு நாய் பிளேர். அதில் மிகச் சிறந்த யதார்த்த நடிப்பு யாருடையது என்று கேட்டால் தயங்காமல் நாய் என்பேன். அது தெருவில் ஓடுகிறது, ஆற்றை நீந்திக் கடக்கிறது, உடம்பை உதறுகிறது, ஒவ்வொரு கதவாக முட்டிப் பார்க்கிறது. அதற்கு டெல்சார்ட் தெரியாது. பிரதிகள் விற்றுத் தீர்ந்து நெகட்டிவ் தேய்ந்துபோக, படத்தை முழுசாக மறுபடி எடுக்க வேண்டியதாயிற்று, அதுவும் இரண்டு தடவை.

சரி, 1909-க்கும் 1912-க்கும் நடுவில் என்னதான் நடந்தது?

கொஞ்சம் அரசியலும் உண்டு. 1908 கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் நியூயார்க் மேயர் ஜார்ஜ் மெக்லெல்லன் நகரத்தின் சினிமாக் கொட்டகைகளை எல்லாம் மூட உத்தரவிட்டார். தடை சீக்கிரமே நீங்கிவிட்டது, ஆனால் படத் தயாரிப்பாளர்களுக்குப் பயம் பிடித்தது. ஐந்து சென்ட் கொட்டகைக்கு வரும் கூலித் தொழிலாளிகளோடு நடுத்தர வர்க்கமும் வந்தால்தான் தொழில் நிலைக்கும், மரியாதையும் கிடைக்கும். அந்த வர்க்கம் மதித்த நாடகமோ அப்போது வேறு பக்கம் போய்க்கொண்டிருந்தது. யதார்த்த நாடகங்கள் எழுதிய நார்வேக்காரர் இப்சன் வந்துவிட்டார். டேவிட் பெலாஸ்கோ போன்ற பிராட்வே தயாரிப்பாளர்கள் மேடையில் பண்டபாத்திரம் முதற்கொண்டு நிஜப் பொருள்களை வைத்தார்கள். 1912-இல் பெலாஸ்கோ அன்று பிரபலமாக இருந்த சைல்ட்ஸ் உணவகத்தை அப்படியே மேடையில் கட்டிவிட்டார். கையை வீசி நடிப்பது மலிவான கொட்டகை நாடகத்தின் அடையாளமாகிவிட்டது.

பத்திரிகைகளும் தூண்டின. ‘நியூயார்க் டிரமாட்டிக் மிரர்’ இதழில் ‘ஸ்பெக்டேட்டர்’ என்ற பெயரில் எழுதிய ஃபிராங்க் வுட்ஸ் வாரா வாரம் இதே பாட்டுத்தான்: நடிகர்கள் கேமராவைப் பார்க்கக் கூடாது, அப்படி ஒன்று அங்கே இருப்பதே தெரியாதவர்கள் போல இருக்க வேண்டும், அவசரப்படாமல் நிதானமாக நடிக்க வேண்டும். பிரான்சிலிருந்தும் ஓர் உந்துதல் வந்தது. 1908 நவம்பரில் பாரிஸில் வெளியான ‘கீஸ் கோமகனின் கொலை’ என்ற படத்தில் கொமெடி ஃபிரான்சேஸ் நாடக மன்றத்தின் ஷார்ல் லெ பார்ஜி மூன்றாம் ஹென்றி மன்னனாக நடித்தார். இசை சேன்-சான்ஸ். பெரிய மேடை நடிகர் என்றால் பெரிதாக நடிப்பார் என்று நினைப்போம். இவர் அடக்கி வாசித்தார்.

ஆனால் இவை எல்லாம் ஆசையைத்தான் விளக்கும். ஆசைப்பட்டால் மட்டும் நடிப்பு மாறிவிடாது. 14-ஆவது தெருவில் 11-ஆம் எண் வீட்டில், ஒரு பழைய மாளிகையின் நடனக் கூடத்தில்தான் பயோகிராஃப் ஸ்டூடியோ இருந்தது. கூப்பர் ஹியூவிட் என்ற பாதரச ஆவி விளக்குகள் தலைக்கு மேலே எரியும். அந்த வெளிச்சத்தில் மனிதர்கள் பச்சை முகமும் ஊதா உதடுமாகப் பிணம் போலத் தெரிவார்களாம். அன்றைய ஃபிலிமுக்குச் சிவப்பு நிறமே தெரியாது, உதட்டுச் சாயம் கறுப்பாக விழும். நீலக் கண் வெளிறிப்போகும். இந்த நிலைமையில் முகத்தை நம்பி நடிக்கச் சொன்னால் யார் துணிவார்? முகத்தை நம்பலாம் என்ற நிலையை உண்டாக்கியது கேமராமேன் பில்லி பிட்ஸரும் கிரிஃபித்தும் கேமராவை முன்னால் நகர்த்தியதுதான். 1910 வாக்கில் அமெரிக்க ஸ்டூடியோக்களில் நடிகர்கள் தாண்டக் கூடாத முன்கோடு கேமராவிலிருந்து ஒன்பதடிக்கு வந்துவிட்டது. ஆட்கள் முழங்காலோடு வெட்டுப்பட்டார்கள். பாதம் இல்லாத மனிதர்களா என்று தொழில் பத்திரிகைகளில் புலம்பல் வந்தது. அந்தப் புலம்பலின் நடுவே உதடு இறுகுவது முதல் தடவையாகக் கடைசி வரிசை வரைக்கும் தெரிந்தது.

அடுத்தது வெட்டு, அதாவது ஒரு ஷாட்டிலிருந்து இன்னொரு ஷாட்டுக்குத் தாவுவது. 1908-இல் கிரிஃபித்தின் முதல் படமான ‘தி அட்வெஞ்சர்ஸ் ஆஃப் டாலி’யில் மொத்தம் 13 ஷாட்கள். அடுத்த வருடமே ‘தி லோன்லி வில்லா’வில் அது 50-ஐத் தாண்டிவிட்டது. ஒருத்தி பயப்படுகிறாள் என்று காட்ட முன்பு அவளே பின்னால் சாய்ந்து கையை நெற்றியில் வைக்க வேண்டும். இப்போது கதவுக்கு வெளியே திருடர்களைக் காட்டி, உள்ளே அவளைக் காட்டி, மறுபடி வெளியே போனால் பயத்தில் பாதியை வெட்டே சொல்லிவிடுகிறது. அவள் சும்மா கதவைப் பார்த்தால் போதும். ‘டிரங்கர்ட்ஸ் ரிஃபர்மேஷன்’ படத்திலேயே இதன் முளை இருக்கிறது: மேடையில் குடிகாரன் சீரழிகிற காட்சி, உடனே பார்வையாளர் வரிசையில் மகளோடு உட்கார்ந்திருக்கும் அப்பா, மறுபடி மேடை, மறுபடி அப்பா. அவன் மனம் மாறுவதைச் சொல்லும் வேலையில் பெரும்பங்கு அந்த மாறி மாறி வரும் ஷாட்களுக்கு. அப்பாவாக நடித்த ஆர்தர் ஜான்சன் நாற்காலியை விட்டு எழுந்து கையை ஆட்ட வேண்டியிருக்கவில்லை.

வெட்டு கூடியதால் எல்லா நடிப்பும் ஆழமானது என்று நினைத்துவிடக் கூடாது. கடைசி நிமிடத்தில் காப்பாற்றும் படங்களில் ஷாட்கள் அவ்வளவு வேகமாக ஓடின; நடிகருக்கு ஓடவும் திகைக்கவும்தான் நேரம். நுணுக்கமான நடிப்பு வளர்ந்தது மெதுவான குடும்பக் கதைகளிலும் மனசைப் பற்றிய கதைகளிலும்தான்.

மூன்றாவது சமாச்சாரம் பொருள்கள், அதாவது அந்தத் தட்டுகள். கைக்கு ஒரு வேலை கொடுத்துவிட்டால் அது வானத்தை நோக்கிப் போகாது. மே மார்ஷின் காட்சியில் அழுகை மட்டும் நம்மைத் தொடவில்லை. தட்டு அடுக்குவது தடைபடுகிற இடங்கள்தான் தொடுகின்றன. மனசு உடைந்தவளும் மேஜையைச் சுத்தம் செய்தாக வேண்டும் என்பது எந்த மெலோடிராமா கையேட்டிலும் இல்லாத விஷயம். அந்த வேலை அவளுடைய வர்க்கத்தைச் சொல்கிறது, நாளைக்கும் இதே மேஜைதான் என்பதையும் சொல்கிறது.

இதெல்லாம் கிரிஃபித் ஒருவரே கண்டுபிடித்தது என்று எழுதும் வழக்கம் ஒன்று உண்டு. அதில் எனக்கு உடன்பாடு இல்லை. பெலாஸ்கோவின் மேடையிலிருந்து 1909-இல் பயோகிராஃபுக்கு வந்த மேரி பிக்ஃபோர்டுக்கு அப்போது வயது 17. மற்றவர்களுக்கு நாளுக்கு ஐந்து டாலர் என்றபோது பத்து கேட்டு வாங்கியவர். பிற்காலத்தில் அவர் சொன்னது: இளம் நடிகைகள் எல்லாரையும் கிரிஃபித் பறவையைப் பார்த்தும் முயலைப் பார்த்தும் துள்ளிக் குதித்து ஓடச் சொல்வார், நான் மாட்டேன் என்று மறுத்துவிட்டேன். 1912-இல் வந்த ‘தி நியூயார்க் ஹேட்’ படத்தில் அவர் ஒரு தொப்பிக்காக ஏங்குவதைப் பார்த்தால் அந்தப் பிடிவாதத்தின் பலன் தெரியும்.

அதே ஆண்டின் ‘தி பெயின்டட் லேடி’யில் பதினாறு வயது பிளான்ச் ஸ்வீட், முகத்துக்குச் சாயம் பூசாத கண்டிப்பான மூத்த மகளாக வருகிறார். அவளை ஒருவன் விரும்புவதாகச் சொல்கிறான். உண்மையில் வீட்டைக் கொள்ளையடிக்க நோட்டம் பார்க்க வந்தவன். முகமூடியோடு வந்த திருடனை இருட்டில் சுட்டுவிட்டு, முகமூடியை விலக்கினால் அவன். அவளுக்குப் புத்தி பேதலித்துவிடுகிறது. தோட்டத்தில் முன்பு சந்தித்த இடத்துக்குப் போய், இல்லாதவனோடு பேசுகிறாள். பழைய முறையில் பைத்தியம் என்றால் தலைவிரி கோலம், உருளும் கண்கள். இங்கே அவள் ஒரு சாதாரணப் பெண் தன் காதலனோடு பேசுவதைப் போலவே பேசுகிறாள். கேட்கிறாள், வெட்கப்படுகிறாள், பதில் சொல்கிறாள். எதிரே ஆள் மட்டும் இல்லை. யதார்த்த நடிப்பை வைத்தே யதார்த்தம் கழன்றுபோனதைக் காட்டுகிறார்கள். குறும்படக் காலத்தின் உச்சங்களில் ஒன்றாக இதைத்தான் சொல்வேன்.

‘தி மஸ்கடியர்ஸ் ஆஃப் பிக் ஆலி’யும் 1912 தான். நியூயார்க்கின் ஏழைத் தெருக்களும் அங்கே சுற்றும் ரவுடிக் கும்பல்களும் கதை. ‘ஸ்னாப்பர் கிட்’ என்ற ரவுடியாக எல்மர் பூத். சுவரை ஒட்டிப் பதுங்கி வரும் அவர், கேமராவை நோக்கி நெருங்கி நெருங்கி, பாதி முகம் ஃபிரேமை அடைக்கிற அளவுக்கு வந்துவிடுகிறார். அப்போது அவர் செய்வதெல்லாம் கண்ணை நகர்த்துவது மட்டும். மற்ற இடங்களில் ஒரு தோள் குலுக்கல், ஒரு கோணல் சிரிப்பு. பிற்காலத்து கேங்ஸ்டர் படங்களின் மிடுக்கு அந்த பதினேழு நிமிடப் படத்திலேயே முழுசாக இருக்கிறது. பூத் 1915-இல் கார் விபத்தில் இறந்துபோனார்.

இந்தக் காலத்து அமெரிக்கப் படங்களில் பலவற்றை நாம் இன்று பார்க்க முடிவதே ஒரு தற்செயல்தான். 1912 வரை அமெரிக்காவில் சினிமாவுக்கென்று தனிக் காப்புரிமை கிடையாது. அதனால் கம்பெனிகள் ஒவ்வொரு ஃபிரேமையும் நீளக் காகிதச் சுருளில் அச்சடித்து, புகைப்படம் என்று சொல்லிப் பதிவு செய்தன. ஃபிலிம் எரிந்தும் மக்கியும் போன பிறகு, அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தில் கிடந்த அந்தக் காகிதத்திலிருந்து ஆயிரக்கணக்கான படங்களை மறுபடி ஃபிலிமுக்கு மாற்றினார்கள். பேசாப்பட நடிப்பின் மேல் படிந்த கெட்ட பெயரில் ஒரு பங்கு ஓட்டும் வேகத்துக்கும் உண்டு. நொடிக்கு 16, 18 ஃபிரேமில் எடுத்ததைப் பேசும்படக் காலத்து 24 ஃபிரேமில் ஓட்டினால் யார் நடித்தாலும் பொம்மை மாதிரித்தான் தெரியும். மே மார்ஷின் நிறுத்தங்கள் எல்லாம் அதில் காணாமல் போய்விடும்.

பழைய கையசைவு 1912-இல் செத்துப்போய்விடவும் இல்லை. ஒரே படத்தில் கதாநாயகி உதட்டை இறுக்கிக்கொண்டிருப்பாள், வில்லன் முஷ்டியை ஆட்டிக்கொண்டிருப்பான். கிரிஃபித்தின் கம்பெனியில் நடிகராகவும் அப்புறம் நகைச்சுவைப் பட இயக்குநராகவும் இருந்த மேக் சென்னட் அந்த வருடம் வெளியேறி, கீஸ்டோன் நிறுவனத்தைத் தொடங்கினார். 1913-இல் அவர் எடுத்த ‘பார்னி ஓல்ட்ஃபீல்ட்ஸ் ரேஸ் ஃபார் எ லைஃப்’ படத்தில் ஃபோர்ட் ஸ்டெர்லிங் என்ற வில்லன் கண்ணை உருட்டி, பல்லைக் காட்டி, மேபல் நார்மண்டைத் தண்டவாளத்தில் கட்டிப்போடுகிறான். மெலோடிராமா வில்லனை வைத்துச் செய்த கேலி அது. அன்றைய ஜனங்களும் கேலி என்று தெரிந்தே சிரித்தார்கள். இன்றைக்குப் பேசாப்படம் என்றதும் பலர் மனசில் வருவது தண்டவாளத்தில் கட்டிப்போடும் அந்த வில்லன்தான். அவனைத்தான் அந்தக் காலத்து நிஜமான நடிப்பு என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.